நெனஞ்சது மாத்தியாச்சு

1

நெதர்லாந்துக்கு வந்து இந்த வாரத்தோடு பத்து வருஷம் ஆகிறது. அதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டுமென்று ஒரு மாதமாகவே மனதில் சேர்த்துக்கொண்டு வந்தேன். குளிர், சைக்கிள், நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். அதையெல்லாம் இப்போது ஓரமாக ஒதுக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லாமல் வேறெதையும் என்னால் எழுத முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சொந்த ஊர் சேவூர்ப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பூரை ஒட்டிய முதலிபாளையம். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங், பேக்கிங் இரண்டிலும் இருந்தேன். என் வீட்டுக்காரர் குமரேசன் நிட்டிங் மெஷின் மெக்கானிக். மெஷின் கம்பெனி ஒன்று அவரை இங்கே கூட்டிவந்தது. மூன்றாம் வருஷம் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அவர் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் பம்பும் பைப்பும் பார்க்கிறார். ஒரே மகள் தர்ஷினி, பதினாறு வயது.

நான் வேலை செய்வது ரோட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில். கப்பலில் வந்து இறங்கும் கன்டெய்னர்களில் சிலவற்றைச் சுங்கத்துறை தனியே எடுத்துச் சோதிக்கும். முதலில் பெரிய எக்ஸ்ரே மெஷினுக்குள் லாரியோடு ஓட்டிப் படம் எடுப்பார்கள். படத்தில் ஏதாவது உறுத்தினால் எங்கள் கொட்டகைக்கு வரும். சீலை வெட்டுவது, பெட்டிகளை இறக்குவது, அதிகாரி கேட்பதைப் பிரித்துக் காட்டுவது, பார்த்து முடிந்ததும் இருந்தபடி அடுக்கி மூடுவது, இதுதான் எங்கள் வேலை. நான் அரசாங்க ஆள் அல்ல. கொட்டகைக்காரரிடம் சம்பளம் வாங்குகிற ஆள். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கும். அது போனால் துறைமுகத்துக்குள் காலை வைக்க முடியாது, வேலையும் அதோடு போய்விடும்.

ஊரில் இருந்தவரை இப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கன்டெய்னர் கதவைச் சாத்திச் சீல் வைத்துவிட்டால் எங்களைப் பொறுத்தவரை ஷிப்மெண்ட் முடிந்தது. மேனேஜர் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுப்பார். நாங்கள் தரையில் கிடக்கும் நூல் துணுக்குகளைக் கூட்டிவிட்டு ஊட்டுக்குப் போய்விடுவோம். நாம் மடித்து வைத்த துணியைக் கடலுக்கு அந்தப்பக்கம் ஒருவர் கத்தியோடு நின்று பிரிப்பார் என்றோ, ஒருநாள் அவர் பக்கத்தில் நானே நிற்பேன் என்றோ யார் நினைத்தார்கள்?

2

செவ்வாய் காலை வந்தது நாற்பதடிக் கன்டெய்னர். காகிதத்தில், குழந்தைகளுக்கான பருத்திப் பின்னலாடை என்று இருந்தது. ஏற்றுமதி செய்த ஊர் என்ற இடத்தில் திருப்பூர்.

இத்தனை வருஷத்தில் நம் ஊர்ச் சரக்கு எங்கள் கொட்டகைக்கு வருவது இதுதான் முதல் தடவை. கேப்டவுன் ஆரஞ்சு, சீனத்துப் பொம்மை, பிரேசில் மரப்பலகை எல்லாம் இறக்கியிருக்கிறேன். கதவைத் திறந்ததும் புதுத்துணியும் அட்டையும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடி போட்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அன்று வந்திருந்த சுங்க அதிகாரி இங்கிரிட் என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், ஆறடி உயரம். அதிகம் பேசமாட்டார். ஆனால் வேலைக்காரர்களை எப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் தன் பலகைக் கணினியில் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். வரிசை வரிசையாகச் சாம்பல் நிறப் பெட்டிகள். நடுவில் மட்டும் ஒரு கொத்து, மற்றவற்றைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

"இந்த இடம்வரை இறக்குங்கள்" என்றார்.

இறக்கினோம். கன்டெய்னரின் பாதி ஆழத்தில் அவை இருந்தன. பதினோரு பெட்டிகள். மற்ற பெட்டிகளைவிட அட்டை தடிமன், அளவும் எடையும் கொஞ்சம் கூடுதல். ஒட்டியிருந்த டேப்பும் வேறு நிறம். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், நீல மார்க்கர் பேனாவால் கையெழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

இங்கிரிட்டின் முகம் மாறியது. சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல சரக்குக்கு நடுவே வேறு சரக்கை ஒளித்து அனுப்புகிறவர்கள், இந்தப்பக்கம் எடுக்கிற ஆளுக்குத் தெரிய வேண்டும் என்று பெட்டியில் அடையாளம் போடுவார்கள். வேறு அட்டை, வேறு டேப், வேறு எடை, அதன்மேல் கைக்குறி. எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் நடத்தும் வகுப்பில் சொல்லித்தருகிற நான்கு அடையாளங்களும் அந்தப் பதினோரு பெட்டிகளிலும் இருந்தன.

நான் அந்த நீல எழுத்தைப் பார்த்தேன். தமிழ். ஈரக்கை பட்டதாலோ என்னவோ கொஞ்சம் கலங்கியிருந்தது. இருந்தாலும் எனக்கு ஒரே பார்வையில் படிக்க வந்தது.

நெனஞ்சது மாத்தியாச்சு.

அவ்வளவுதான். எனக்கு அந்த இடமே கண்முன் வந்துவிட்டது. லாரி வாசலில் நிற்கிறது, பாதி லோடு ஏறியிருக்கிறது, வானம் கறுத்துத் திடுமென்று கொட்டுகிறது. "நெனையுது, நெனையுது, தார்ப்பாயக் கொண்டாங்க!" என்று யாரோ கத்துகிறார்கள். நனைந்த பெட்டிகளை மட்டும் தனியே இழுத்து, துணியை எடுத்து வேறு பெட்டியில் போட்டு, மறுபடி ஏற்றுகிறார்கள். எத்தனை தடவை நானே செய்திருக்கிறேன்! தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் சேலை முழுக்க நனைந்து, அப்படியே பஸ் ஏறிய நாள்கள் உண்டு.

இங்கிரிட் எழுத்தைப் போட்டோ எடுத்து மொழிபெயர்ப்பாளர் சேவைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தமிழ் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை. "இந்தியன்" என்பதோடு இங்கே பேச்சு முடிந்துவிடும்.

நானும் வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லப்போகிறார், சரியாகிவிடும் என்று நின்றேன். நம் வேலை உண்டு நாம் உண்டு என்றிருப்பதுதான் பத்து வருஷமாக எங்கள் வீட்டுச் சட்டம். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் "வீடு மாறிவிட்டோம்" என்று சொல்லப்போய், டச்சில் ஒரு சொல் பிசகி, "நாங்கள் வியந்துபோயிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள் நிதானமாக, "இங்கே வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எந்தப் படிவம் வேண்டும்?" என்றார். அதிலிருந்து, கேட்டால் ஒழியப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

3

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. இங்கிரிட் அதைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கினார். "எல்லாரும் பின்னால் போங்கள். பெட்டிகளை யாரும் தொட வேண்டாம்."

பக்கத்தில் இருந்த இன்னொரு அதிகாரியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "திட்டமிட்டது மாற்றப்பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறதாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. எழுத்து கலங்கியிருந்த இடத்தில் 'ஞ்' போய் 'ச்' ஆகியிருக்கிறது. நெனச்சது மாத்தியாச்சு. ஒரே ஒரு எழுத்துதான். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, கடத்தல்காரன் அனுப்பிய சங்கேதமாக மாறிவிட்டது!

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கன்டெய்னர் மொத்தமும் முடக்கப்படும். ஒவ்வொரு பெட்டியையும் பிரிப்பார்கள், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள், வாரக்கணக்கில் ஆகும். அந்தத் துணி வியாழக்கிழமை கடைக்காரரின் கிடங்குக்குப் போயாக வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. நாள் தவறிய ஆர்டர் என்ன ஆகும் என்று திருப்பூரில் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு தடவை அப்படி ஆனது. அதன்பிறகு மூன்று மாதம் எங்கள் செக்கிங் டேபிள்கள் காலியாகக் கிடந்தன. எங்களையும் ஊட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நான் பேசினால்? அந்த ஊர்க்காரி, அந்தச் சரக்குக்காகப் பேசுகிறாள் என்று ஆகும். ஒருவேளை உள்ளே நிஜமாகவே வேறு ஏதாவது இருந்துவிட்டால், நானும் கூட்டு என்று ஆகிவிடும். கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிறகு நடந்து போய் இங்கிரிட் முன்னால் நின்றேன்.

"அந்த மொழிபெயர்ப்பு தப்பு. அது என் தாய்மொழி."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீங்கள் எந்த ஊர்?"

"அந்த ஊர்தான். அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியாது. ஆனால் அதே மாதிரி கம்பெனியில் இதே மாதிரி பெட்டி கட்டியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்."

"அப்படியானால் நீங்கள் சொல்வதை நான் அறிக்கையில் எழுத முடியாது. உங்களுக்கே தெரியும்."

"எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் முன்னாலேயே அவரிடம் பேசுகிறேன். அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதுங்கள்."

இங்கிரிட் கொஞ்சம் யோசித்தார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு, உரையாடல் பதிவாகிறது என்று அறிவித்துவிட்டு, என் பக்கம் நகர்த்தினார்.

"வணக்கம், சொல்லுங்கோ" என்றது ஒரு பெரியவர் குரல். யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"வணக்கமுங்க ஐயா. நானு திருப்பூர்ங்க. அந்த முதல் வார்த்தை நெனச்சது இல்லீங்க, நெனஞ்சதுங்க. எழுத்து கலங்கிப் போச்சு. நடுவுல ஞ் இருக்குதுங்க, பாருங்க."

"நெனஞ்சதோ? அப்பிடியொரு சொல்லு..."

"ஏனுங்க, மழையில நெனையறதுங்க! துணி நெனஞ்சு போச்சுன்னு சொல்லுவமே, அது!"

அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு கொட்டகை முழுக்க எதிரொலித்தது.

"ஐயோ, நனைஞ்சதோ! நாங்கள் நனைஞ்சதெண்டுதானே சொல்லுறது தங்கச்சி! படத்தை இப்ப பெருப்பிச்சுப் பாக்கிறன்... ஓம், ஓம், ஞ்தான். நனைஞ்சதை மாத்தியாச்சு எண்டுதான் கிடக்கு. பிழை என்னிலதான். அந்த அம்மாவிட்டை நானே டச்சிலை சொல்லுறன்."

அவர் டச்சில் சொன்னார். சுத்தமான டச்சு, என்னுடையதைப் போல நொண்டாத டச்சு. இங்கிரிட் கேட்டுக்கொண்டே எழுதினார். கடைசியில் அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பக்கத்தில் வந்த ஒன்று.

"நனைந்தவை, மாற்றப்பட்டன" என்று வாசித்தார். "சரி. இருந்தாலும் பிரிக்கத்தான் வேண்டும்."

"பிரியுங்கள்" என்றேன். அது தைரியமா வீம்பா என்று இப்போதும் தெரியவில்லை.

4

முதல் பெட்டியை இங்கிரிட்டே கீறினார். மேல் அட்டையை விலக்கியதும் எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

துணியின் மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே மணி மணியாக, வெள்ளையாக ஏதோ உருண்டது.

பக்கத்தில் நின்ற அதிகாரி ரேடியோவை எடுத்துவிட்டார். அது ஈரம் உறிஞ்சும் மணி என்று எனக்குத் தெரியும். செருப்புப் பெட்டியில்கூடப் போட்டிருப்பார்களே, அதேதான். துளி ஈரம் இருந்தாலும் கடலில் ஒரு மாதம் போனால் பூசணம் பிடிக்கும் என்று பயந்து, கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். படத்தில் கறுப்பாகத் தெரிந்ததும் அதனால்தான். தெரிந்து என்ன? இப்போது நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

நாய் வந்தது. பழுப்பு நிறம், வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. பதினோரு பெட்டியையும் சுற்றியது. ஏழாவது பெட்டியில் நின்றது! அது ஒரு தும்மல் போட்டுவிட்டு எட்டாவதுக்குப் போயிற்று. கடைசிப் பெட்டிவரை முகர்ந்துவிட்டு, தன்னைக் கூட்டிவந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஆர்வமே இல்லை.

பொட்டலத்தைத் துடைத்த பஞ்சை ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னொரு பெட்டியில் இருந்து எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

பெட்டிகளின் அடியில்தான் அந்தச் சங்கதி கிடந்தது. பதினோரு பெட்டியிலும், பழைய பெட்டியின் பக்க அட்டையை நறுக்கி உள்ளே வைத்திருந்தார்கள். பழைய பெட்டி எண், உருப்படிக் கணக்கு, எடை எல்லாம் அச்சடித்த பகுதி. அதன் ஓரத்தில் தண்ணீர் ஏறிக் காய்ந்த பழுப்புக் கறை. கூடவே ஒரு துண்டுச்சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: இந்தப் பெட்டிக்குப் பதில் இந்தப் பெட்டி, மழையால் மாற்றியது, துணி நனையவில்லை. கீழே கையெழுத்து, எஸ்தர், பேக்கிங்.

இங்கிரிட் அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "ஒவ்வொன்றிலும் வைத்திருக்கிறார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எல்லாரும் இல்லை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

உருப்படிகளை எண்ணினோம். யானைப் படம் போட்ட குழந்தைச் சட்டைகள், பெட்டிக்கு நாற்பத்தெட்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. எண்ணி முடித்ததும் மடித்து வைக்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு மாதிரி சுருட்டத் தொடங்கினார்கள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "கொடுங்கள், நான் செய்கிறேன்" என்று மேசையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பத்து வருஷம் ஆகிவிட்டதே, கை மறந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கே மறந்தது! தட்டி, திருப்பி, மடக்கி, பைக்குள் விட்டு, அடுத்தது. இங்கிரிட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக நான் அங்கே ஒரு வேலைக்காரி மட்டும் இல்லை என்று தோன்றியது.

5

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டைத் தொடவே இல்லை. "ஏம்புள்ள, அட்டையப் புடுங்கியிருந்தாங்கன்னா?" என்று அதையே மூன்று தடவை கேட்டார். அப்புறம், "நாய் எதுக்குத் தும்முச்சு?" என்று கேட்டார்.

தர்ஷினி போனில் இருந்தாள். எப்போதும் அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டச்சில் பதில் சொல்வாள். அதுவும் ஒற்றைச் சொல். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டு மூன்று வருஷமாகிறது. "இது எனக்கு எங்கே பயன்படப் போகிறது?" என்று அப்போது கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் சிரித்த இடம் வந்தபோது அவள் தலையைத் தூக்கினாள். "மம்மி, ரெண்டையும் எழுதிக் காட்டு."

பால் பாக்கெட்டின் மேல் எழுதினேன். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். நெ, ன, ஞ், ச, து. அடுத்தது நெ, ன, ச், ச, து.

"இந்த ஒரு லெட்டருக்கா நாயைக் கூப்ட்டாங்க?"

"ஆமாங்கண்ணு."

"கூல்" என்றாள். பால் பாக்கெட்டைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். பிறகு டச்சில் எழுதாமல், நாங்கள் பார்க்கப் பார்க்க, குரல் செய்தியாகப் பேசி அனுப்பினாள். நடுவில் இரண்டு தமிழ்ச் சொற்கள் வந்தன, இரண்டும் சரியாக. இதை வைத்து நான் எந்தக் கோட்டையும் கட்டவில்லை. மறுநாள் காலை அவள் டச்சில்தான் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனாலும் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

6

புதன்கிழமை பத்து மணிக்கு விடுவிப்புக் காகிதம் வந்துவிட்டது. சரக்கை எடுத்துக்கொள்ள இறக்குமதியாளரின் ஏஜெண்ட் அம்மாள் லாரியோடு வந்தார். எங்கள் வாசலிலேயே நின்று திருப்பூருக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப்பக்கம் ஒரே இரைச்சல். மெஷின் சத்தம், அதற்குமேல் ஆள் சத்தம். கடைசியில் அவர் கையை விரித்து, "பேக்கிங்கில் இருக்கும் பெண்மணி யாரிடமாவது பேச வேண்டும் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பேசுகிறீர்களா?" என்று போனை நீட்டினார். நான் இங்கிரிட்டைப் பார்த்தேன். அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டி, "விடுவித்தாயிற்று. இனி என்னைக் கேட்க வேண்டியதில்லை" என்றார்.

"வணக்கமுங்க" என்றேன்.

"ஏனுங்க... தமிழுங்களா?"

"ஆமாங்க. முதலிபாளையமுங்க. இப்ப இங்க ரோட்டர்டாம்ல, உங்க பொட்டியப் பிரிச்ச எடத்துல வேலைங்க."

"அட சாமி! நான் எஸ்தருங்க, பேக்கிங். நேத்துலருந்து இங்க ஒருத்தரும் சோறு உங்கலீங்க. பொட்டிய நிறுத்திப் போட்டாங்கன்னு சொன்னதும் எனக்குக் கையுங்காலும் ஓடலீங்க. என்னாலதானுங்களா? நான் எழுதுனதுனாலதானுங்களா? லோடு ஏத்தறவங்க பழச எடுத்து ஏத்திரக் கூடாதேன்னுதான் எழுதுனேனுங்க. அங்க யாரு அதப் படிக்கப் போறாங்கன்னு இருந்துட்டனுங்க."

"நான் படிச்சனுங்க."

அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். நாய், வெள்ளைப் பொட்டலம், அவருடைய சீட்டு. பதினோரு சீட்டையும் அதிகாரியம்மா படித்தார் என்றதும் அவர் போனை எடுத்தபடியே பின்னால் திரும்பி, "ஏய், நம்ம சீட்டப் படிச்சாங்களாம்! சரக்கு போகுதாம்!" என்று கத்தினார். அங்கே ஒரு ஆரவாரம் கிளம்பியது பாருங்கள், நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. தமிழில் ஒன்று, ஹிந்தியில் ஒன்று, யாரோ விசில். ஏஜெண்ட் அம்மாள் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "நல்ல செய்திதான்" என்றேன்.

இரைச்சல் அடங்கியதும் எஸ்தர் மறுபடி வந்தார். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. அழுகை போய், பேக்கிங் இன்சார்ஜ் வந்துவிட்டார்.

"ஏனுங்க, எத்தன பீசு பிரிச்சீங்க?"

"பதினோரு பொட்டியிலயும் எல்லாமுங்க."

"எல்லாமா! அப்புறம் மடிச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க."

"கையை எப்பிடி மடிச்சீங்க?"

"பின்னாடி மடக்கி உள்ள விட்டனுங்க. யானை மூஞ்சி மேல தெரியற மாதிரி."

"பட்டன்?"

"மூணும் போட்டுத்தானுங்க."

அந்தப்பக்கம் ஒரு நீண்ட மூச்சு.

"அப்பச் செரிங்க" என்றார் எஸ்தர்.